திருநெல்வேலிச் சபைகளின் வரலாற்றைக் காக்க ஒரு சங்கம்: தொடக்கம் முதல் செய்ய வேண்டியவை

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் (புராட்டஸ்டண்ட் சமயம்) பரவிய வரலாற்றை இதுவரை பெரும்பாலும் மிஷனெரிமாரின் எழுத்து வழியாகவே நாம் அறிந்திருக்கிறோம். ரேனியஸ், கால்டுவெல், சார்ஜென்ட், மெய்ஞ்ஞானபுரத்து ஜான் தாமஸ் ஆகியோர் தங்கள் சங்கங்களுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் இங்கிலாந்தில் நல்ல காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஊர் ஊராக நடந்து போதித்த உபதேசியார், மண்சுவர்க் கோயிலைக் கட்டக் காணிக்கை கொடுத்த குடும்பத்தார், பெண்களுக்கு எழுத்துக் கற்பித்த ஆசிரியைகள் ஆகியோரின் பெயர்களோ சேகர (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) அலுவலகங்களின் பழைய பீரோக்களிலும், வீடுகளின் பரண்களிலும், எழுத்து மங்கிக்கொண்டிருக்கும் கல்லறைக் கற்களிலும்தான் கிடக்கின்றன. காக்க ஆளில்லாமல் அழிந்துகொண்டிருப்பவை இவையே. எனவே இச்சபைகளின் வரலாற்றைக் காக்க ஒரு சங்கம் தொடங்குவோர் தங்கள் முதல் உழைப்பை உள்ளூர் ஆவணங்களுக்கே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்வரும் வேலைமுறையும் அந்த அடிப்படையிலேயே அமைந்துள்ளது.

எல்லையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

எந்த இயக்கம், எந்தக் காலம், எந்த நிலப்பரப்பு என்பதை முதல் கூட்டத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதி ஏற்றுக்கொள்ள வேண்டும். 1778-இல் பாளையங்கோட்டையில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பிராமண விதவையான குளோரிந்தா அம்மையார் ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது வரையிலான காலத்தை எடுத்துக்கொள்வது வசதியானது. கடற்கரைப் பரதவர் ஊர்களின் கத்தோலிக்க வரலாறு 1530-களிலேயே தொடங்கிவிட்டது. அதன் ஆவணங்களும் வேறு இடங்களில் உள்ளன. இரண்டையும் ஒரே சங்கம் எடுத்துக்கொண்டால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

நில எல்லையை இன்றைய நிர்வாக எல்லைகளைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம். பழைய திருநெல்வேலி மாவட்டம் இன்று திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதியாகிய திருமண்டலமும் 2003-இல் பிரிந்ததால் நாசரேத்தும் மெய்ஞ்ஞானபுரமும் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்திலும், இடையன்குடியும் டோனாவூரும் திருநெல்வேலித் திருமண்டலத்திலும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் உபதேசியார் ஒருவர் இந்த எல்லைகளைக் கடந்தே ஊழியம் செய்தார். ஆகவே இரு திருமண்டலங்களிலிருந்தும் உறுப்பினர்கள் இருப்பது அவசியம்.

எல்லையை வகுக்கும்போது பிரிந்து போனவர்களை விட்டுவிடக் கூடாது. 1835-இல் ரேனியஸ் தம்மை அனுப்பிய சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கத்திலிருந்து விலக நேர்ந்தபோது பல உபதேசிமாரும் சபையாரும் அவர் பக்கம் நின்றனர். 1857-இல் நாசரேத்துக்கு அருகே சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் தலைமையில் ஒரு பகுதியார் மிஷனெரிமாரின் ஆளுகையை மறுத்துத் தனிச்சபை கண்டனர். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தனர். பழைய ஏற்பாட்டு முறைமைகள் பலவற்றையும் கைக்கொண்டனர். தமிழ்க் கிறிஸ்தவர் தாமாகவே வேதத்தைப் படித்து, தாமாகவே ஒரு வழிபாட்டு முறையை வகுத்துக்கொண்ட இந்த நிகழ்ச்சி மிஷனெரி அறிக்கைகளில் ஒரு கலகமாகவே பதிவாகியிருக்கிறது. அச்சபையாரின் வழிபாட்டு நூல்கள், துண்டுப் பிரசுரங்கள், குடும்பக் கையெழுத்துகள் கிடைத்தால்தான் அவர்களுடைய வாதத்தை அவர்கள் சொற்களிலேயே கேட்க முடியும்.

பதிவு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். துணைவிதிகளில் ஒரு விதியை மறவாமல் சேருங்கள்: சங்கம் கலைக்கப்பட்டால் அதன் சேகரிப்பு எந்தக் காப்பகத்துக்குச் செல்லும் என்பதைப் பெயருடன் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டு நன்கொடை வாங்க நினைத்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். தொடக்க ஆண்டுகளில் உள்ளூர்ச் சந்தாவைக் கொண்டே நடத்துவது நல்லது.

ஆவணங்கள் இருக்குமிடத்தைக் கணக்கெடுத்தல்

எந்த ஆவணத்தையும் தொடுவதற்கு முன், எங்கே என்ன இருக்கிறது என்ற கணக்கு வேண்டும். ஒவ்வொரு சேகரத்துக்கும் இருவராகச் செல்லுங்கள். சேகரகுருவிடம் முன்னதாகக் கடிதம் கொடுத்து அனுமதி பெறுங்கள். அலுவலகப் பீரோவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கோயிலின் உடை மாற்றும் அறை, மணிக்கூண்டின் அடித்தளம், பள்ளிக்கூடத்தின் பழைய அலுவலகம், குருமனையின் சாமான் அறை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பதிவேடுகள் பெரும்பாலும் குரு மாறும்போதெல்லாம் இடம் மாறியிருக்கும்.

தேட வேண்டியவை பல. ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் முதன்மையானவை. அவற்றை அடுத்து சபைக் கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பேடுகள், காணிக்கைக் கணக்குகள், பள்ளி வருகைப் பதிவேடுகள், கோயில் நிலப் பத்திரங்கள், அசனப் பண்டிகை (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) கணக்குகள், அச்சிட்ட ஸ்தோத்திரப் பண்டிகை நிகழ்ச்சி நிரல்கள், கையெழுத்துக் கீர்த்தனைப் புத்தகங்கள், உபதேசிமாரின் நாட்குறிப்புகள், ஏட்டுச்சுவடிகள், நிழற்படங்கள் ஆகியவற்றைத் தேட வேண்டும். அசனக் கணக்கை அற்பமாக நினைக்க வேண்டாம். எந்தத் தெருக்காரர் எத்தனை மரக்கால் அரிசி கொடுத்தார், யார் சமைத்தார், யார் பந்தியில் பரிமாறினார் என்ற குறிப்புகளிலிருந்து, சாதிகளைக் கடந்த உறவு ஒரு சபையில் எந்தக் காலத்தில் உண்மையாக உருவானது, எங்கே அது பெயரளவில் நின்றது என்பதை அறிய முடியும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் எழுதுங்கள்: என்ன ஆவணம், தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, பக்கங்கள், நிலை, இருக்குமிடம், பொறுப்பாளர். ஒரு பதிவேட்டின் ஆண்டுத் தொடர்ச்சியில் இடைவெளி இருந்தால் அதையும் எழுதிவிட வேண்டும். காணாமல் போன தொகுதி பழைய குருவின் குடும்பத்திலோ திருமண்டல அலுவலகத்திலோ கிடைக்க வாய்ப்புண்டு.

உடைமை யாருடையது

பதிவேடுகள் சேகரத்தின் சொத்து. மேலும், 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி திருமணப் பதிவேடு சட்ட ஆவணம். அதிலிருந்து இன்றும் சான்றிதழ் எழுதிக் கொடுக்கப்படுகிறது. எனவே மூலப் பிரதியைச் சங்கம் கேட்கவே கூடாது. படமெடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளவும், மூலத்தை இருக்குமிடத்திலேயே சீராகப் பாதுகாக்க உதவவும் எழுத்துமூல ஒப்பந்தம் செய்தால் போதும். அந்த ஒப்பந்தத்தில் படங்களின் ஒரு முழுப் பிரதி சேகரத்துக்கே தரப்படும் என்பது முதல் வாசகமாக இருக்கட்டும். வெளியார் வந்து எடுத்துச் சென்றுவிடுவார்கள் என்ற அச்சம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது; அது காரணமில்லாத அச்சமும் அல்ல.

தனியார் குடும்பங்கள் தாமாகவே கொடுக்க முன்வந்தால், கொடையா, இரவலா என்பதைத் தெளிவாக எழுதிக் கையொப்பம் பெறுங்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் கொடுத்ததைத் தம்பி பின்னர் கேட்கும் நிலை வரலாம் என்பதால், இயன்றவரை எல்லா வாரிசுகளின் சம்மதத்தையும் பெறுவது நல்லது.

தாளும் ஓலையும்

பழைய பதிவேடுகள் பலவற்றில் இரும்பு கலந்த மை பயன்பட்டிருக்கிறது. காலப்போக்கில் அது பழுப்பேறித் தாளையே அரித்துவிடும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுந்திருப்பதைக் காணலாம். அத்தகைய பக்கங்களை நனைக்கவோ, ஈரத் துணியால் துடைக்கவோ கூடாது. பசை நாடா ஒட்டுவதும், லேமினேஷன் செய்வதும் ஆவணத்துக்குத் திரும்ப முடியாத கேடு விளைவிக்கும். சில ஊர்களில் மிகுந்த பக்தியோடு முதல் ஞானஸ்நானப் பதிவேட்டை லேமினேஷன் செய்து சட்டமிட்டு மாட்டியிருப்பார்கள். அதைப் பிரிக்க முயலாமல், படமெடுத்து, வெயில் படாத சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்ய மெல்லிய உலர்ந்த தூரிகை போதும். இரப்பர் வளையம், குண்டூசி, இரும்பு கிளிப் ஆகியவற்றை நீக்கி, வெளுக்காத பருத்தி நாடாவால் கட்டி, அமிலமற்ற தாளில் பொதிந்து, அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கையாக வைக்கவும். அப்படிப்பட்ட பெட்டி கிடைக்காத ஊரில் துவைத்துக் கஞ்சி போக்கிய பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே நிறுத்திவிடும். பீரோ சுவரை ஒட்டி நிற்காமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். இடையன்குடி போன்ற கடலோரத் தேரி (செம்மணல் மேட்டுப்) பகுதிகளில் உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும் சேர்ந்து வேலை செய்வதால், மழைக்கு முன்னும் பின்னும் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருப்பது நலம். நம் கடலோரத்தில் அது எளிதில் கைகூடாது என்றாலும், விலை குறைந்த ஈரப்பத மானி ஒன்று பீரோவுக்குள் இருந்தால் எப்போது கவலைப்பட வேண்டும் என்பது தெரியும்.

கரையானோ இராமபாணப் பூச்சியோ கண்ட தொகுதியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத பையில் இட்டு வைக்கவும். ஓலைச்சுவடிகளுக்கு நம் ஊர்முறையே நன்று: மென்தூரிகையால் தூசி நீக்கி, எலுமிச்சைப்புல் எண்ணெய் மெல்லியதாகத் தடவி, நிழலில் உலர்த்தி, மரச்சட்டங்களுக்கு இடையே தளர்வாகக் கட்டவும். மை பூசி எழுத்தைத் தெளிவாக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

படமெடுத்தல்

தட்டை ஸ்கேனரில் பழைய தொகுதிகளைக் கவிழ்த்து அழுத்தினால் தையல் அறுந்துவிடும். மேலிருந்து நோக்கும் கேமரா, இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்குகள், தொகுதியைத் தாங்க இரு பஞ்சு மெத்தைகள், முதல் படத்தில் அளவுகோலும் நிற அட்டையும் இருந்தால் போதும். 400 பிக்சல் அடர்த்தியில் டிஃப் கோப்பாகச் சேமித்து, பார்வைக்கு ஜேபெக் பிரதி எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் அட்டையையும் படமெடுக்க வேண்டும். அட்டையின் உட்புறத்தில்தான் முக்கியமான குறிப்பைப் பல குருமார் எழுதி வைத்திருப்பார்கள். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு ஊரில் என்ற வழக்கத்தைத் தவறாமல் கடைப்பிடியுங்கள்.

பட்டியலிடுதல்: நாள், பெயர், ஊர்

இந்த வேலையில் அறிவும் பொறுமையும் மிகுதியாக வேண்டியிருப்பது இங்கேதான். படங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருந்து பட்டியல் இல்லாவிட்டால் எவருக்கும் பயனில்லை.

முதலில் நாள். திருநெல்வேலிப் பகுதி ஆவணங்களில் கிறிஸ்து ஆண்டோடு கொல்லம் ஆண்டும் வரும். கொல்லம் ஆண்டு ஆவணி மாதத்தில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824-ஐயும், அதன்பின் ஆடி முடியும் வரை 825-ஐயும் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும்: கொல்லம் 1016 கார்த்திகை என்பது 1840, அதே 1016 தை என்பது 1841. எண்களும் பழைய தமிழ்க் குறிகளில் இருக்கலாம். 1840 என்பதை ௲௮௱௪௰ என்று எழுதியிருப்பார்கள். மூலத்தில் உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்திலும், மாற்றிய நாளை வேறு கட்டத்திலும் எழுதுங்கள். மூலத்தைத் திருத்தி எழுதும் பழக்கம் ஒருபோதும் கூடாது.

அடுத்தது பெயர். ஒரு ஞானஸ்நானப் பதிவில் வரிசை எண், நாள், பழைய பெயர், புதிய பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர், சாட்சிகள் என்று கட்டங்கள் இருக்கும். பழைய பெயர் சுடலை, புதிய பெயர் ஞானமுத்து என்று இருந்தால் இரண்டுமே தேடுசொற்களாக வேண்டும். ஏனெனில் அதே ஆளை நிலப் பத்திரம் சுடலை என்றும், சபைக் கணக்கு ஞானமுத்து என்றும் குறிக்கும். ஞானமுத்து, தேவசகாயம், மாசிலாமணி போன்ற பெயர்கள் ஒரே ஊரில் பலருக்கு இருந்ததால், தகப்பன் பெயரும் ஊரும் இல்லாமல் இருவரை ஒருவராக இணைக்க வேண்டாம். பெண்களைப் பல பதிவுகள் ‘இன்னார் மனைவி’ என்று மட்டுமே குறிக்கும். அவருடைய பெயர் பிள்ளைகளின் பதிவிலோ கல்லறையிலோ கிடைக்கிறதா என்று தேடிச் சேர்ப்பதைச் சங்கத்தின் நிலையான பணியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரும் மாறும். 1799-இல் புதிய விசுவாசிகளுக்கென்று முதலூர் உருவானது. அதன்பின் சுவிசேஷபுரம், கிறிஸ்தியாநகரம், மெய்ஞ்ஞானபுரம் என்று பல குடியிருப்புகள் எழுந்தன. புலியூர்க்குறிச்சி, ரேனியசுக்கு உதவிய ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயரால் டோனாவூர் ஆனது. ஆங்கில ஆவணங்கள் இவற்றை இன்று நாம் எழுதும் எழுத்துக் கூட்டலில் எழுதவில்லை. எனவே ஊருக்கு ஒரு எண் கொடுத்து, எல்லாப் பெயர் வடிவங்களையும் அதன்கீழ் எழுதும் ஊரகராதி ஒன்றைத் தொடக்கத்திலேயே தயாரியுங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் பட்டியலே வரலாறு சொல்லத் தொடங்கும். தாது வருடப் பஞ்சக் காலமாகிய 1876-78-ஐயும் அதை அடுத்த ஆண்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் திரளானோர் சபையில் சேர்ந்தனர் என்று அறிக்கைகள் கூறுகின்றன. எந்த ஊரில், எத்தனை குடும்பங்கள், அவர்களில் எத்தனை பேர் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதே சபையில் இருந்தனர் என்ற கேள்விகளுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் விடை காண முடியும்.

வெளிநாட்டுக் காப்பகங்களோடு ஒப்பிடல்

உள்ளூர்ப் பட்டியல் ஓரளவு நிறைந்த பிறகே இதற்குச் செல்லுங்கள். சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. (சுவிசேஷத்தைப் பரப்பும் மற்றொரு ஆங்கிலச் சங்கம்) ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலும், சுவார்ட்ஸ் காலத்து மிஷன் ஆவணங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள பிராங்கே நிறுவனத்திலும் உள்ளன. இவற்றில் மிஷனெரிமாரின் கடிதங்களோடு சுதேசக் குருமாரின் அறிக்கைகளும் இருப்பதை நம்மவர் பலர் அறிவதில்லை. தேடும்போது அவற்றையே முதலில் கேளுங்கள். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷனின் தொடக்க வரலாறு, 40 பேரைக் கொண்ட 1780-ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலைப் பற்றிப் பேசுகிறது. உள்ளூரில் அழிந்த ஒன்று அச்சில் எஞ்சியிருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. ஒரே நிகழ்ச்சியை மிஷனெரி கடிதமும் சபைக் கமிட்டிக் குறிப்பும் வெவ்வேறாகச் சொன்னால் இரண்டையும் பதிவு செய்யுங்கள். தீர்ப்பு எழுதுவது பட்டியலிடுபவரின் வேலை அன்று.

வாய்மொழியும் கல்லறையும்

எழுதப்படாதவை முதியோரிடம் உள்ளன. ஒரு ஒலிப்பதிவுக் கருவி, எழுத்துமூல ஒப்புதல், வீட்டுக்காரர் சௌகரியப்படும் நேரம் ஆகியவை வேண்டும். வினாத்தாளை வாசிப்பதுபோல் கேட்காமல் ஊர்ப்பேச்சிலேயே தொடங்குங்கள். “ஆச்சி, உங்க வீட்டுல மொத மொத வேதத்துக்கு வந்தது யாரு?” என்று கேட்டால், ஒரு பெயரில் தொடங்கி, அவரை ஊர் விலக்கி வைத்தது, கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதது, உபதேசியார் வந்து ஜெபித்தது என்று பேச்சு தானாக விரியும். “சமய மாற்றத்திற்கான காரணம் என்ன?” என்று கேட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும். பழைய கீர்த்தனைகளை அவர்கள் பாடும் மெட்டிலேயே பாடச் சொல்லிப் பதியுங்கள். அச்சுப் புத்தகத்தில் உள்ள இராகக் குறிப்பும் ஊரில் பாடும் மெட்டும் பல இடங்களில் வேறாக இருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் காலை, மாலைச் சாய்வெயிலில் படமெடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். சுண்ணாம்பு, மாவு, சாயம் எதையும் கல்லின்மேல் பூச வேண்டாம். கல்வெட்டை வரிக்கு வரி அப்படியே எழுதி, கல்லறையின் இடத்தைக் கை வரைபடத்தில் எண்ணிட்டுக் குறியுங்கள். தோட்டச் சுவரை விரிவாக்கும்போது முதலில் அகற்றப்படுபவை பெயர் படிக்க முடியாத கற்களே.

யார் பார்க்கலாம்

பழைய பதிவேடுகள் பலவற்றில் சாதி எழுதப்பட்டிருக்கும். முறைதவறிப் பிறந்த பிள்ளை, சபை ஒழுங்குநடவடிக்கைக்கு உள்ளானவர் போன்ற குறிப்புகளும் இருக்கும். இவற்றை அழிப்பதோ மறைத்து நகலெடுப்பதோ வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். அதே சமயம், ஒரு பேரனின் கல்யாணப் பேச்சு நடக்கும்போது அவனுடைய பாட்டனின் பதிவு ஊரில் கைமாறுவதற்கும் சங்கம் காரணமாகக் கூடாது. 100 ஆண்டுக்கு உட்பட்ட தனிநபர்ப் பதிவுகளைச் சொந்தக் குடும்பத்தாருக்கும், எழுதிக் கொடுத்து அனுமதி பெற்ற ஆய்வாளருக்கும் மட்டும் காட்டுவது என்று விதி வகுக்கலாம். ஒழுங்குநடவடிக்கைக் குறிப்புகளுக்கு இன்னும் நீண்ட காலம் வைக்க வேண்டும். கையெழுத்து நூல்களையும் கடிதங்களையும் அச்சிட நினைத்தால், எழுதியவர் இறந்த பின்னும் பதிப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு என்பதையும், அவர் வாழ்நாளில் வெளிவராதவற்றுக்கு முதன்முதலில் வெளியான ஆண்டிலிருந்தே 60 ஆண்டுகள் கணக்கிடப்படும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஊர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்குச் சிறந்த வாய்ப்பு, கோயில் அர்ப்பணிக்கப்பட்ட நாளை ஆண்டுதோறும் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை. அந்த ஊரின் முதல் 50 ஞானஸ்நானங்கள், உபதேசிமாரின் பெயர் வரிசை, பழைய கோயிலின் படம் ஆகியவற்றைக் கொண்ட சிறு புத்தகத்தை அச்சிட்டுக் கொடுத்தால், அடுத்த வாரமே வீடுகளிலிருந்து புதிய படங்களும் கடிதங்களும் வரத் தொடங்கும். அவற்றைப் பெறுவதற்கு இரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

கடைசியாக, சங்கத்தின் சொந்த ஆவணங்கள். கூட்டக் குறிப்புகள், சேகரங்களோடு செய்த ஒப்பந்தங்கள், நன்கொடை இரசீதுகள், கோப்புகளின் கடவுச்சொற்கள் ஆகியவை செயலாளர் ஒருவரின் வீட்டில் மட்டும் இருக்கக் கூடாது. கடவுச்சொற்களும் பீரோச் சாவிகளும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இருவரிடம் இருக்கட்டும். பொறுப்பாளர்கள் மாறும் ஒவ்வொரு முறையும் பழையவரும் புதியவரும் பெட்டி பெட்டியாகச் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பட்டியல் ஒன்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஒட்டப்பட வேண்டும்.